எட்டுக் குதிரையும் ஒரு கழுதையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணாலியிலிருந்து லே வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போனது 100 சிசி வண்டி. எட்டுக் குதிரைச் சக்தி. கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலேயே ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் உங்கள் பால்காரரிடம் இருக்கும். அந்த எட்டுக் குதிரையும் ஒழுங்காக வேலை பார்த்தன. மேலே உட்கார்ந்திருந்த கழுதையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"ஏன் சார் சின்ன வண்டி?" என்று கேட்பவர்களுக்காக ஒரு தத்துவம் தயாராக வைத்திருக்கிறேன். மெதுவாகப் போனால்தான் நாடு கண்ணுக்குத் தெரியும். எந்தப் பட்டிக்காட்டிலும் மெக்கானிக் கிடைப்பார். விழுந்தால் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்திவிடலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. மச்சானிடம் இருந்தது அந்த வண்டி.

இந்தக் கிறுக்குக்குப் புத்தகங்களும் ஒரு காரணம். நேதன் மில்வர்ட் என்கிற ஆங்கிலேயர், ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் வீடு வீடாகக் கடிதம் போடுகிற ஹோண்டா சிடி110 வண்டியிலேயே சிட்னியிலிருந்து லண்டன் போனவர். அதன் எஞ்சின் வெறும் 105 சிசி. லோயிஸ் பிரைஸ் என்ற பெண்மணி 225 சிசி யமஹாவில் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடி வரைக்கும் போனார். இருவர் கதையையும் ஆர்வமாகப் படித்தேன். அவர்கள் கஷ்டப்பட்ட பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டியிருக்கிறேன் என்பது பிற்பாடு தெரிந்தது.

வீட்டில் அனுமதி வாங்குவதற்காகப் புள்ளிவிவரத்தோடு போனேன். "உலகத்துலயே அதிகமா தயாரான மோட்டார் வண்டி சின்ன வண்டிதான், தெரியுமா? ஹோண்டா சூப்பர் கப். 1958-ல வந்துச்சு. 2017-க்குள்ள பத்து கோடி வண்டி!"

மனைவி வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பத்து கோடிப் பேரும் லடாக்குக்கா போனாங்க?"

மச்சான் நல்லவன். சாவியைக் கொடுத்தான். ரயிலில் பார்சல் போடுவதற்கு ஆர்.சி. காப்பியோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தான். வண்டியை அனுப்பத் தனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தான். ஓட்டுபவருக்குத் தான் பொறுப்பல்ல என்றும் ஒரு வரி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஆமாம், ரயில். 'சென்னை டு லே' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன் அல்லவா? அதில் சென்னையிலிருந்து டெல்லி வரைக்கும் வண்டி சாக்குப்பை சுற்றிக்கொண்டு பார்சல் வேனில் வந்தது. நான் ஸ்லீப்பரில் வந்தேன். சாதனையின் பெரிய பாதியை நாங்கள் இருவரும் தூங்கியே முடித்துவிட்டோம்.

உதிரி பாகங்கள் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ட்யூப், பிரேக் ஷூ, செயின் லாக், ஃப்யூஸ் எல்லாம் இரண்டிரண்டு. வண்டிக்கு என்ன வந்தாலும் சமாளிக்கலாம். எனக்கு என்று எடுத்துக்கொண்டது ஒரு விக்ஸ் டப்பாவும் இட்லிப் பொடியும்.

பார்சலில் உடைந்துவிடும் என்று சைடு மிர்ரர்களை முன்கூட்டியே கழற்றி, பத்திரமாக என் பையில் வைத்திருந்தேன். டெல்லி பிளாட்பாரத்தில் பார்சல் வரும்வரை காத்திருக்க வசதியாக அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்தேன்.

வண்டி வந்தது. சாக்கைப் பிரித்தோம். சுற்றிலும் போர்ட்டர்கள். இதுதான் தருணம் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தேன். உதைத்தேன். மறுபடியும் உதைத்தேன். ஒரு பெரியவர் வந்து டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். பார்சலில் போடும்போது பெட்ரோலைச் சொட்டுவிடாமல் எடுத்துவிட வேண்டும் என்பது ரயில்வே விதி. எடுத்ததும் நான்தான். என் வாழ்வின் மாபெரும் மோட்டார் சைக்கிள் பயணம், டெல்லி ஜூன் வெயிலில் பங்க் தேடித் தள்ளிக்கொண்டு போனதில் தொடங்கியது.

டெல்லியைத் தாண்டியதும் அகலமான நெடுஞ்சாலை. டோல் பூத்துகளில் கார்கள் வரிசையில் நிற்க, பைக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நான் ஓரமாக ராஜநடையில் கடந்தேன். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து மரியாதை செய்தன. பானிபட்டில் போட்ட இண்டிகேட்டரை நான் அணைக்கவே இல்லை என்று கர்னாலில் டீக்கடைக்காரர் சொன்னார். மிர்ரர் இல்லாததால் பலருடைய முகபாவங்களைப் பார்க்கும் துன்பம் எனக்கு மிச்சம்.

மணாலிக்கு அந்தப் பக்கம் அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் திறந்தது, நீளம் 9.02 கிலோமீட்டர். முன்பெல்லாம் 3,900 மீட்டருக்கு மேலே இருக்கும் ரோதாங் கணவாயில் ஏறி இறங்கித்தான் அந்தப் பக்கம் போக முடியும். இப்போது மலைக்குள்ளேயே நேராகப் போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் ஒரே கும்மிருட்டு. இவ்வளவு செலவு செய்து கட்டிவிட்டு லைட் போடவில்லையே என்று அரசாங்கத்தைத் திட்டினேன். கூலிங் கிளாஸைக் கழற்றியதும் அரசாங்கம் லைட் போட்டது.

அடுத்தது தாண்டி என்கிற ஊர். சந்திரா, பாகா நதிகள் கூடுகிற இடம். அங்கே இருக்கும் பெட்ரோல் பங்கில் ஒரு பலகை உண்டு: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி. எல்லாரும் அதோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கட்டை விரலை உயர்த்திச் சிரித்தபடி நானும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு கணக்கு. டேங்க் கிட்டத்தட்ட பத்து லிட்டர். மலையில் மைலேஜ் குறைந்து லிட்டருக்கு 45 கொடுத்தால்கூட 365 தாராளமாகத் தாண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அங்கே நின்ற புல்லட்காரர்கள் எல்லாரும் கேனில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பிடிக்காவிட்டால் நன்றாகவா இருக்கும்? ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி நிரப்பி, துணிப் பைக்கு மேலே கட்டினேன். மூடியில் வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

புல்லட்டைப் பற்றி ஒரு சின்ன வயிற்றெரிச்சல். அதைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின் இந்தியக் கம்பெனி 1955-இல் நம் சென்னையில் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் வளர்ந்தது. நானும் திருவொற்றியூரில் வளர்ந்தவன்தான். எங்கள் பேட்டையில் பிறந்த வண்டிகளெல்லாம் லாஹௌல் பள்ளத்தாக்கில் என்னை ஓவர்டேக் செய்துகொண்டு போயின. ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாரலாச்சா கணவாய்க்கு ஏறும்போதுதான் குதிரைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாவது கியரில் முனகியது. இரண்டாவதில் அழுதது. முதல் கியரில் நடைவேகத்தில் ஊர்ந்து, ஒரு வளைவில் நின்றேவிட்டது. நான் கவலைப்படவில்லை. இதற்குத்தானே வந்தோம் என்று டூல்ஸ் பையைத் திறந்து பிளக்கை மாற்றினேன். மாற்றமில்லை. இன்னொரு பிளக் இருந்தது. அதையும் மாற்றினேன்.

பஞ்சாப் லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்தார். நான் மாற்றிப் போட்ட பிளக்கை எடுத்து, கரியாய்க் கறுத்திருந்ததைக் காட்டினார். "ஹவா நஹி ஹை, பாயீ சாப்." காற்று இல்லையாம். நான் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தேன்.

அவர் சொன்னது டயர்க் காற்று இல்லை. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். மச்சான் வண்டி கார்ப்பரேட்டர் காலத்தது. அதற்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது. திருவொற்றியூரில் ஊற்றிய அளவே பெட்ரோலை இங்கேயும் ஊற்றும். எரியத் தேவையான காற்றோ பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் இதைத் தாமே உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். டிரைவர் ஏர் ஃபில்டர் மூடியைத் தளர்த்தினார், கார்ப்பரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினார். வண்டி மூச்சு விட்டது. என்னிடம் இருந்த உதிரி பாகங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கணவாய்க்கு முன்னால் ஒரு நாலா. பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைக்கு அங்கே அப்படிப் பெயர். அதிகாலையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இருக்கும். வெயில் ஏற ஏற பனி உருகி, மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். அதனால் எல்லாரும் விடியலிலேயே கிளம்புகிறார்கள். எனக்குக் காலையில் இரண்டாவது டீ குடிக்காமல் கிளம்பிப் பழக்கமில்லை.

நாலாவை மதியம் பார்த்தேன். ஷூ நனையக் கூடாது என்று கழற்றி, லேஸைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். வெறுங்காலோடு இறங்கினேன். பனித்தண்ணீர். நாலடி போவதற்குள் எனக்குக் கால் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன். ஓடைக்கு நடுவில் குனிந்து பார்க்கக் கூடாது. ஷூ உட்பட எல்லாம் நனைந்தது.

விழுந்தால் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா? வண்டியை ஒரே ஆளாகத்தான் தூக்கி நிறுத்தினேன். என்னைத் தூக்கி நிறுத்தத்தான் எதிர்க்கரையிலிருந்து இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

சாயங்காலம் சர்ச்சுவில் ஒரு டெண்ட் ஹோட்டல். தலை விண்விண் என்றது. வாந்தி வருகிறாற்போல் இருந்தது. காரணமும் உடனே கிடைத்தது: கேன் ஒழுகி, துணிப்பை முழுக்க பெட்ரோல். சட்டை, ஸ்வெட்டர், இட்லிப் பொடி எல்லாவற்றிலும் அதே நாற்றம். டெண்ட்கார அம்மா என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டவ்வுக்கு எதிர்மூலையில் உட்கார வைத்தார். குளிருக்கு ஸ்டவ் பக்கம் நகர்ந்தபோதெல்லாம் கரண்டியைக் காட்டினார்.

தலைவலிக்குக் காரணம் பெட்ரோல் இல்லை. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். சர்ச்சு 4,200-க்கு மேல். சுரங்கம் வந்த பிறகு ஒரே நாளில் ஏறிவிட முடிகிறது. உடம்புக்குச் சுரங்கம் தெரியாது. வழியில் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தூங்கி, பழகிக்கொண்டு ஏற வேண்டும். காற்று இல்லாவிட்டால் வண்டி என்ன பாடுபடும் என்று காலையில்தான் செய்முறை விளக்கத்தோடு பாடம் நடந்திருந்தது. அதே காற்றைத்தான் நானும் சுவாசிக்கிறேன் என்பது தோன்றவில்லை.

இரவு முழுக்கத் தூக்கம் இல்லை, வாந்திதான். இதற்கென்று மணாலியில் மாத்திரை வாங்கியிருந்தேன். அது மணாலி ரூமிலேயே பத்திரமாக இருந்தது. விடிந்ததும் டெண்ட்கார அம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "நீச்சே." கீழே போ. மலைநோய்க்கு நம்பகமான வைத்தியம் அதுதான். கேலாங் பக்கம் போகும் ஒரு பிக்கப்பை நிறுத்தினார். இரண்டு பையன்கள் வண்டியை அலேக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சின்ன வண்டியின் அருமை அன்றைக்குப் புரிந்தது. என்னை ஏற்றியபோது அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

பாரலாச்சாவைத் தாண்டி இறங்க இறங்கத் தலைவலி குறைந்தது, வெட்கம் கூடியது. கஷ்டப்பட்டு ஏறிய வளைவுகளெல்லாம் பின்பக்கமாக ஓடின. டிரைவர் டீசல் போட வேண்டும் என்று கேலாங்கையும் தாண்டிப் போய் அதே பங்கில் நிறுத்தினார். அந்தப் பலகையோடு என்னிடம் இரண்டு போட்டோ இருக்கிறது. ஒன்றில் சிரிக்கிறேன்.

கேலாங்கிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "எல்லாம் சூப்பர். இன்னிக்கு ரெஸ்ட் டே."

"நேத்து எங்க இருந்தீங்க?"

"சர்ச்சு."

"இன்னிக்கு?"

"கேலாங்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏங்க, மேப்ல பின்னாடி இல்ல வருது?"

தலைவலி முழுக்கப் போகும்வரை படுத்துக் கிடந்துவிட்டு மறுபடியும் கிளம்பினேன். இந்த முறை விடியற்காலை, ஷூவோடு நாலா, கேன் மூடியில் வாஷர். பாரலாச்சாவை எந்தச் சம்பவமும் இல்லாமல் கடந்தேன். சர்ச்சுவில் டெண்ட்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீயை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்.

சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70 பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று சத்தமாகவே சொன்னேன். கொல்லிமலை உச்சி சுமார் 1,300 மீட்டர். காட்டா லூப்ஸின் முதல் வளைவே 4,000-க்கு மேல். ஏழாவது வளைவுக்கப்புறம் எண்ணுவதற்கும் மூச்சு வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு சின்ன சமாதி உண்டு. லாரி பழுதாகி, உதவி வருவதற்குள் ஒரு பையன் தாகத்திலும் குளிரிலும் செத்துப்போனதாகக் கதை. அவன் ஆவிக்காகப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. என் பாட்டில் காலி. நான் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் நிறைய நேரம் பார்த்தேன்.

பாங் தாண்டியதும் மோரே சமவெளி. 4,600 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குத் தட்டையான நிலம், இரண்டு பக்கமும் மலை. அந்த அழகை வீடியோ எடுக்காமல் இருக்க முடியுமா? மொபைலை ஹேண்டில்பாரில் கட்டி, சமவெளி முழுக்க எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் செல்ஃபி கேமரா. ஹெல்மெட்டுக்குள் ஒரு வாய் திறந்திருக்கிறது, மூக்கு ஒழுகுகிறது.

கடைசி ஏற்றம் டங்லாங் லா, 5,300 மீட்டருக்கு மேல். எட்டுக் குதிரையில் நாலோ ஐந்தோ மிச்சம். என் எடை தொண்ணூறு. அது உயரத்துக்கு ஏற்றபடி குறைவதில்லை. இறங்கி, எஞ்சினை முதல் கியரில் ஓடவிட்டு, பக்கத்திலேயே நடந்தேன். நான் இல்லாதபோது வண்டி எவ்வளவு உற்சாகமாக ஏறுகிறது என்று பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது.

அப்போது பின்னால் மணிச்சத்தம். ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. சைக்கிளில். இரண்டு பக்கமும் மூட்டை கட்டி, மணாலியிலிருந்து மிதித்துக்கொண்டே வருகிறார். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "நீங்கள் நலம்தானே? உதவி வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டாம், வியூ பார்த்துக்கொண்டு நடக்கிறேன் என்றேன். அவர் ஓவர்டேக் செய்துகொண்டு போய்விட்டார்.

லே வந்து சேர்ந்தேன். இறங்கி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். ஒரு கேபிள் அறுபடவில்லை, ஒரு பஞ்சர் இல்லை. டேங்கில் பெட்ரோல் மிச்சம் இருந்தது. கேனிலிருந்து ஊற்றவே இல்லை.

வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் இல்லை. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இதை நான் தவிர எல்லாரும் தெரிந்து வைத்திருந்தார்கள். லாட்ஜ் ரிசப்ஷன் போனில் கூப்பிட்டேன். நாள்கணக்காகத் தகவல் இல்லாமல் துடித்துப் போயிருப்பாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

"ஏங்க, தம்பி வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

லேயிலிருந்து கார்துங் லாவுக்கும் ஏறினேன். 18,380 அடி என்று எழுதிய பலகையோடு போட்டோ எடுத்து, உலகத்திலேயே உயரமான ரோடு என்று குடும்ப குரூப்பில் போட்டேன். அக்கா பையன், பிளஸ் டூ படிப்பவன், உடனே பதில் போட்டான். "மாமா, அது அளந்து பார்த்தா 17,600 அடிகூட இல்ல. அதுவும் இல்லாம, 2021-லயே உம்லிங் லா 19,024 அடின்னு கின்னஸ்ல வந்துடுச்சு." அக்கா உள்பட எல்லாரும் அவனுக்கு லைக் போட்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் மச்சான் வண்டியை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். "முன்னைவிட நல்லா இருக்கு மாமா" என்றான். என்னைப் பார்த்து அந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை.

நீங்களும் போவதாக இருந்தால் தாராளமாகச் சின்ன வண்டியிலேயே போங்கள், அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மணாலியிலிருந்து ஒரே மூச்சில் சர்ச்சுவுக்கு ஏறாதீர்கள். நாலாவை விடியலிலேயே, ஷூவோடு கடந்துவிடுங்கள். போஸ்ட்பெய்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, மேலே சொன்ன தப்புகளையெல்லாம் நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். தயவுசெய்து காப்பியடிக்காமல் நீங்களாக ஏதாவது புதிதாகச் செய்யுங்கள். செய்துவிட்டு, வண்டி கொடுத்தவரிடம் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் எனக்கும் ஆறுதலாக இருக்கும்.